தில்லிக் குளிரில் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு: மாமியாரையும் பையனையும் எங்கே கூட்டிப் போவது?

மயூர்விஹார்வாசி | வியாழன், இரவு 10.50

எல்லாருக்கும் வணக்கம். தில்லிக்கு வந்து இது எங்களுக்கு மூன்றாவது குளிர்காலம். மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் இருக்கிறோம். எனக்கு நொய்டா செக்டார் 62-ல் வேலை, சனிக்கிழமையும் உண்டு. கணவருக்கு குருகிராமில் வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வருவார். பையன் ஒன்றாம் வகுப்பு.

இந்த முறை மாமியார் மன்னார்குடியிலிருந்து வந்திருக்கிறார். பொங்கல் முடிந்துதான் திரும்புவார். வந்த ரயிலே பனிமூட்டத்தில் ஐந்து மணி நேரம் தாமதம். வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, வீட்டை விட்டு இரண்டு தடவைதான் வெளியே வந்திருக்கிறார். காலையில் எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் வீடு வடக்குப் பார்த்தது, பால்கனியில் மார்ச் வரைக்கும் வெயில் எட்டிப் பார்க்காது. தனியாக லிஃப்டில் இறங்கிக் கீழே உள்ள பூங்காவுக்குப் போகப் பயப்படுகிறார், மொழியும் தெரியாது. நாள் பூரா ஹீட்டர் முன்னால் சீரியல், எட்டரைக்குத் தூக்கம். "ஏம்மா, இந்த ஊரில் சூரியன் உண்டா, இல்லை அவனும் குருகிராமுக்கு வேலைக்குப் போய்விட்டானா?" என்று நேற்றுக் கேட்டார். சிரித்துவிட்டேன், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

போன ஞாயிறு இந்தியா கேட் போனோம். எழுந்ததே பத்து மணி. எல்லாரும் தலைக்குக் குளித்து, சமைத்து, சாப்பிட்டுக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறு. நல்ல கூட்டம். காரை எங்கேயோ நிறுத்திவிட்டு ஒரு கிலோமீட்டர் நடந்தோம். ஊதல் காற்று. பையன் ஐஸ்கிரீம் கேட்டு அழுதான். மூன்று நாள் இருமல்தான் மிச்சம்.

எங்கே போகலாம்? எந்த நேரம் நல்லது? காற்று இருக்கிற லட்சணத்தில் போவதே சரியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆர்கேபுரம்_பழசு | வெள்ளி, காலை 6.20

1974-ல் எல்.டி.சி.யாக (கீழ்நிலை எழுத்தராக) இந்த ஊரில் வந்து இறங்கியவன் நான். இந்தியா கேட் மேல் குற்றமில்லை, ஆறு மணி மேல்தான் குற்றம். தில்லியில் டிசம்பர், ஜனவரியில் வெளியே போவது என்றால் வெயில் காயப் போவது என்றுதான் அர்த்தம். வெயிலுக்கு இங்கே 'தூப்' என்று பெயர். அந்த வார்த்தையை மாமியாருக்குச் சொல்லிக் கொடுங்கள், இரண்டு மாதத்துக்கு அது ஒன்றே போதும். தூப் வருவது பன்னிரண்டுக்கு, போவது மூன்றரைக்கு. நடுவில் இருக்கிற மூன்றரை மணி நேரம்தான் நம்முடைய பகல்.

எங்கள் ஆபீஸ் நாட்களில் மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் பிக்னிக். கிருஷி பவன், உத்யோக் பவன், சாஸ்திரி பவன் பக்கத்துப் புல்வெளி எல்லாம் ஒரு மணிக்கு நிரம்பிவிடும். கைக்குட்டையை விரித்து நாலு பேர் சீட்டு ஆடுவார்கள், பத்து பேர் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள். பெண்கள் கையில் ஊசியும் கம்பளி நூலும். எங்கள் செக்‌ஷனில் ஒரு அம்மாள் நவம்பரில் ஆரம்பித்த ஸ்வெட்டரை ஜனவரியில் முடித்துவிடுவார், எல்லாம் மத்தியானத்தில் பின்னியதுதான். கடலைக்காரன் குவியலின் உச்சியில் சின்ன மண்சட்டியில் தணலை வைத்துப் புகைய விட்டுக்கொண்டு வருவான். சாப்பாட்டு நேரம் அரை மணி. நாங்கள் எழுந்திருப்பது இரண்டேகால். அதிகாரி ஏன் கேட்கவில்லை என்றால், அவரும் இன்னொரு மரத்தடியில் இருந்தார். இப்போது விரல் வைத்து நேரம் பதிய வேண்டும், அந்த விளையாட்டு நடக்காது.

1985-ல் மத்திய அரசுக்கு ஐந்து நாள் வாரம் வந்தது. அதற்கு முன்னால் எங்களுக்கும் உங்களைப் போல ஞாயிறு மட்டும்தான். அப்போது என் மனைவி வைத்த சட்டம்: தலைக்குளியல், துணி துவைப்பு எல்லாம் சனிக்கிழமை ராத்திரியோடு சரி. ஞாயிறு காலையில் அடுப்பில் சாப்பாட்டு மூட்டைக்கு மட்டுமே இடம். புளியோதரை, உருளைக்கிழங்குக் கறி. தயிர்சாதம் கூடாது, பன்னிரண்டு மணிக்குள் அது ஐஸாகிவிடும். பதினொன்றுக்குக் கிளம்பு, பன்னிரண்டுக்குப் பாயை விரி, மூன்றரைக்குச் சுருட்டு.

இடம் என்று கேட்டால், உங்களுக்கு நிஜாமுதீன் பாலத்தைத் தாண்டினால் சுந்தர் நர்சரி. எங்கள் காலத்தில் செடி வாங்கப் போகிற இடம். 2018-ல் சீரமைத்துப் பூங்காவாகத் திறந்தார்கள். தொண்ணூறு ஏக்கர், நடுவில் முகலாயர் காலத்துக் கல்லறை மண்டபங்கள், நீரோடை, குளம், வாத்து. ஹுமாயூன் சமாதியும் பக்கத்திலேயே. பாய் விரித்து உட்கார யாரும் தடுக்க மாட்டார்கள். டிக்கெட் உண்டு. லோதி தோட்டம் என்றால் அதுவும் கிடையாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே புல்லைவிடப் பாய்தான் அதிகம்.

நைட்ஷிப்ட்_நொய்டா | வெள்ளி, பகல் 1.05

பழசு சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சொல்வது 1980-களின் வெயில். இன்றைக்குக் காலை எங்கள் பக்கம் ஏ.க்யூ.ஐ. (காற்றுத் தரக் குறியீடு, கூடினால் கெடுதல்) 412. ஆறு வயதுப் பிள்ளையையும் வயதானவரையும் இதில் பாய் விரித்து உட்கார வைப்பதா? ஏற்கெனவே மூன்று நாள் இருமல் என்கிறார். வீட்டில் ஏர் ப்யூரிஃபையர் போட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருங்கள். வெளியே போயே ஆக வேண்டும் என்றால் ஏதாவது ஒரு மால். அங்கேயாவது காற்றை வடிகட்டி விடுகிறார்கள்.

பிங்க்லைன்_பயணி | வெள்ளி, இரவு 8.40

மெட்ரோவில் நின்றுகொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நொய்டாக்காரர் சொல்வதில் பாதி சரி. ஆனால் 412 என்பது எப்போதைய எண்? குளிர்கால ராத்திரியில் தரை குளிர்ந்து, அதன் மேல் உள்ள காற்றும் குளிர்ந்து கீழேயே படிந்துவிடும். பானைக்கு மூடி போட்ட மாதிரி. வண்டிப் புகை, குப்பை எரிக்கிற புகை, புழுதி எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே சுற்றும். பகலில் தரை சூடேறினால் மூடி கொஞ்சம் தூக்கும், காற்றும் அசையும். அதனால் சாதாரணமாகப் பன்னிரண்டிலிருந்து நான்கு வரைக்கும் அளவு இறங்கும், இருட்டினதும் மறுபடி ஏறும். வெயிலுக்காகப் பழசு சார் சொன்ன நேரமும் காற்றுக்காகப் பார்க்க வேண்டிய நேரமும் ஒன்றுதான். இந்தியா கேட்டுக்கு மாலை ஆறு மணிக்குப் போனீர்களே, மூடியைத் திரும்பப் போடுகிற நேரத்துக்குச் சரியாகப் போயிருக்கிறீர்கள்.

இன்னொன்று. சாயங்காலச் செய்தியில் சொல்லும் தில்லி ஏ.க்யூ.ஐ. முந்தைய இருபத்துநாலு மணி நேரத்துச் சராசரி. அதை வைத்துக் கிளம்புவதும் தப்பு, கிளம்பாமல் இருப்பதும் தப்பு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் ஒவ்வொரு நிலையத்துக்கும் மணிக்கு மணி புதுப்பித்த அளவு வரும். உங்களுக்குப் பட்பர்கஞ்ச் நிலையம் பக்கம், போகிற இடத்துக்கு லோதி ரோடு. இரண்டையும் பாருங்கள். ஒரே நேரத்தில் நூறு புள்ளி வித்தியாசம் வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு வழக்கம் இது, மருத்துவ ஆலோசனை இல்லை: 300-க்குள் என்றால் போவோம். 300-லிருந்து 400 வரை என்றால் இரண்டு மணி நேரம் மட்டும், உட்காரலாம், ஓடிப் பிடித்து விளையாடக் கூடாது, போகும் வழியில் என்95 முகக்கவசம் (துணியில் தைத்தது தூசிக்குக்கூடத் தாங்காது). 400 தாண்டினால் கூரைக்கு அடியில் ஏதாவது. இருமல் நிற்காமல் போனாலோ மாமியாருக்கு வீசிங் இருந்தாலோ முதலில் டாக்டர், அப்புறம்தான் பூங்கா.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் கணவர் மெட்ரோவில் போகிறாரா? ராஜீவ் சௌக்கில் மாறுகிறாரா? மயூர் விஹார் ஒன்றிலேயே பிங்க் லைன் இருக்கிறது. அதில் ஏறி தில்லி ஹாட் ஐ.என்.ஏ.வில் இறங்கி மஞ்சள் லைன் மாறச் சொல்லுங்கள். நேரம் மிஞ்சுகிறதோ இல்லையோ, ராஜீவ் சௌக் நெரிசலிலிருந்து தப்பிக்கலாம். வீட்டுக்கு வரும்போது மனிதர் பேசுகிற நிலையில் இருப்பார்.

மயூர்விஹார்வாசி | வெள்ளி, இரவு 11.15

மூன்று பேருக்கும் நன்றி. பிங்க் லைன் விஷயத்தை அவரிடம் சொன்னேன். மூன்று வருஷமாக ராஜீவ் சௌக்கில் இடிபட்டவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "யாரும் சொல்லலையே" என்றார். யாரைக் கேட்டாராம்?

சுந்தர் நர்சரி என்று முடிவு. புளியோதரைக்கு மாமியார் இப்போதே தயார், புளிக்காய்ச்சல் ஊரிலிருந்தே வந்திருக்கிறது. இட்லியும் கட்டிக்கொண்டு போகலாம் என்கிறார், அதுதான் சிக்கல். மாவு அரைத்து இருபது மணி நேரம் ஆகிறது, அரைத்து வைத்தபடியே அசையாமல் கிடக்கிறது. மன்னார்குடியில் ராத்திரி வைத்தால் காலையில் மூடியைத் தள்ளும். இங்கே அவர் காலையில் திறந்து பார்ப்பதும், பெருமூச்சு விட்டு மூடுவதுமாக இருக்கிறார். உளுந்து சரியில்லை என்று ஒரு நாள், மிக்ஸி சரியில்லை என்று ஒரு நாள். தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது, ஸ்பூனால் சுரண்டித் தலைக்குத் தேய்க்கிறார்.

கரோல்பாக்_கைமணம் | சனி, காலை 9.30

இருபத்தெட்டு வருஷமாக இந்தக் குளிரோடு மாவுக்காகச் சண்டை போடுகிறவள் நான். உளுந்து மேல் பழி போடாதீர்கள்.

அரைக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கையால் கரைக்க வேண்டும், கரண்டியால் கலக்கினால் இந்த ஊரில் வேலைக்காகாது. ஒரு பிடி அவலை ஊறவைத்துச் சேர்த்து அரையுங்கள். ஓவன் இருந்தால் சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வையுங்கள். ஓவன் இல்லாத காலத்தில் நான் செய்தது: பாத்திரத்தைப் பழைய துண்டால் சுற்றி, மேலே ஒரு பாலிதீன் போட்டு, ரஜாய்க்குள் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) வைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் இவர் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம், நடுவில் நான். ஒரு ஜனவரியில் இவர் புரண்டு படுத்தார். அந்த ரஜாயின் பஞ்சைப் பிரித்து, காயவைத்து, பஞ்சடிக்கிறவனைத் தேடிப் பிடித்து மறுபடி தைத்து வாங்கிய செலவில் ஒரு மாதம் ஹோட்டலில் இட்லி சாப்பிட்டிருக்கலாம். அதனால் பாத்திரத்தில் பாதிதான் மாவு இருக்க வேண்டும். உள்ளே பொங்க இடம், வெளியே கணவருக்குக் கொஞ்சம் மன்னிப்பு.

குளிர்காலம் முழுக்க மாமியாரைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். இப்போது பச்சைப் பட்டாணி மலிந்து கிடக்கும். ஐந்து கிலோ வாங்கிக் கொடுங்கள். மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்து உரித்தால் ஒரு மத்தியானம் போவதே தெரியாது. சிவப்பு கேரட்டும் வந்துவிட்டது, அல்வாவுக்குத் துருவ வேண்டுமே. எங்கள் தெருவில் பஞ்சாபிக்காரர்கள் எல்லாம் டிசம்பரில் மாடியிலேயே குடியிருக்கிறார்கள். உங்கள் சொசைட்டியில் மாடிச் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

குருகிராம்_அப்பா | சனி, பகல் 12.10

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எல்லாரும் இடம் சொல்கிறீர்கள். என் கணக்கில் இடம் பெரிய பிரச்சினையே இல்லை, தில்லியில் இடத்துக்கா பஞ்சம்? வெயில் அடிக்கிற நேரத்தில் நாம் எல்லாரும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஏ.சி. சூட்டில் உட்கார்ந்திருக்கிறோம். என் மேசையிலிருந்து கீழே உள்ள புல்வெளி தெரியும். அதில் மத்தியானம் வெயில் காய்கிறவர்கள் காவலாளிகளும் டிரைவர்களும்தான். ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்காக்காரர்களோடு ஃபோன் கால். அவர்கள் "அங்கே வானிலை எப்படி" என்று கேட்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வருஷமாக ஒன்று செய்கிறேன். டிசம்பர் 15 முதல் ஜனவரி 31 வரை வாரம் ஒரு அரைநாள் விடுப்பு. வருஷக் கடைசியில் எப்படியும் காலாவதியாகிற விடுப்புதானே. மேலாளரிடம் காரணம் 'குடும்ப விஷயம்' என்பேன், பொய் இல்லை. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நேராகக் கூட்டிக்கொண்டு எங்காவது வெயிலில் உட்காருவோம். வார நாள் என்பதால் கூட்டமும் இருக்காது.

அப்புறம் மயூர்விஹார்வாசிக்கு ஒரு எச்சரிக்கை. யாராவது "மாமியாருக்குத் தாஜ்மஹால் காட்டுங்களேன்" என்பார்கள். எங்கள் மாமனார் வந்தபோது நாங்கள் ஜனவரி முதல் வாரம் போனோம். விடிகாலை நான்குக்குக் கிளம்பினோம். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் குளிர்காலத்துக்கென்று வேக வரம்பை 75-ஆகக் குறைத்திருப்பார்கள், அன்றைக்கு 75 என்பதே சிரிப்பு. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு நாற்பதில் உருட்டினேன், ஸ்டியரிங்கைப் பிடித்த கை மரத்துவிட்டது. ஆக்ராவில் டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று, உள்ளே போய், நீரோடை முனையில் நிற்கிறோம். எதிரே வெள்ளை. பின்னாலும் வெள்ளை. "எங்கே தாத்தா?" என்றாள் பெண். மாமனார் கையை நீட்டி, "அதோ, அங்கேதான் இருக்கணும்" என்றார். எடுத்த படங்களில் நாங்கள் எல்லாரும் ஒரு வெள்ளைத் துணிக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது. மாமனார் அந்தப் படத்தை ஊரில் எல்லாருக்கும் காட்டித் தாஜ்மஹால் என்றே சொல்லி வருகிறார். பிப்ரவரி கடைசியில் போங்கள். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

வார்டு_அக்கா | சனி, மாலை 4.45

இழையை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். முதல் பதிவில் ஹீட்டர் என்று பார்த்ததும் சொல்லத் தோன்றியது. மின்சார ஹீட்டர் என்றால் ரஜாய், திரைச்சீலை பக்கத்தில் வைக்காதீர்கள், தூங்கப் போகும்முன் அணைத்துவிடுங்கள். ஆனால் மூடிய அறைக்குள் கரி அடுப்பு, அங்கீட்டி என்பார்களே, அதை யார் சொன்னாலும் வைக்காதீர்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் குடும்பம் குடும்பமாகத் தூக்கத்திலேயே போய்விடுகிறார்கள். அதில் வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. சன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் ஓடினாலும் அதே ஆபத்துதான். பெரியவர்கள் கதவைத் தாழிட்டு அரை மணி நேரம் வெந்நீர் விட்டுக்கொள்வார்கள், கவனம். மறந்துவிடும் என்றுதான் இங்கேயே எழுதிவிட்டேன்.

நைட்ஷிப்ட்_நொய்டா | சனி, மாலை 5.20

குருகிராம் சார் சொன்னதைப் படித்ததும் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு மாலை ஆறரையிலிருந்து விடிகாலை மூன்றரை வரை வேலை. எழுவது பன்னிரண்டு மணிக்கு. எங்கள் கட்டடத்திலேயே வேலைக்குப் போகிற ஆண்களில் தினமும் முழு வெயிலும் கிடைப்பது எனக்கு மட்டும்தான். டீயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் பக்கத்து வீட்டுத் தாத்தாக்களும் காய்கிற துணியும் நானும். மனைவி ஆபீஸில், பெண் பள்ளியில். அவர்கள் வரும்போது நான் கேப்புக்காகக் கீழே நிற்பேன். மாலில் போய் உட்காருங்கள் என்று நேற்று எழுதியது எரிச்சலில்தான். ஆனாலும் 400-க்கு மேல் போகக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

ஆர்கேபுரம்_பழசு | சனி, மாலை 6.00

தம்பி, கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் காற்று பன்னீராக இருந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். எங்கள் குவார்ட்டர்ஸில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் கரி அடுப்பு மூட்டுவார்கள். டி.டி.சி. பஸ் பின்னால் நின்றால் வெள்ளைச் சட்டை சாம்பல் சட்டையாகும். உச்ச நீதிமன்றம் 1998-ல் உத்தரவு போட்டு, இழுத்துப் பறித்து, 2002 முடிவதற்குள் பஸ் எல்லாம் சி.என்.ஜி.க்கு (இயற்கை எரிவாயுவுக்கு) மாறின. இரண்டு மூன்று குளிர்காலம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கார்கள் பெருகி அந்த இடத்தை நிரப்பிவிட்டன. எங்களுக்கு அளந்து சொல்ல ஆளில்லை, அதனால் பயமில்லாமல் மூச்சு விட்டோம். அதுதான் வித்தியாசம்.

வெயிலே வராத நாட்களும் உண்டு, அதற்கும் தயாராக இருங்கள். 2019 டிசம்பர் 30 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகல் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். அன்றைக்கு நான் சாப்பிட மட்டும்தான் ரஜாயை விட்டு வெளியே வந்தேன். அப்படிப்பட்ட ஞாயிறுக்கு ஐ.டி.ஓ. பக்கம் பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் சங்கர் பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல் தொடங்கியது. நாடு நாடாகப் பொம்மைகள். பையனைவிட மாமியார் அதிக நேரம் நிற்பார், கொலு வைக்கிற ஊர்க்காரர் ஆயிற்றே. பிரகதி மைதானில் அறிவியல் மையம் இருக்கிறது. சாணக்யபுரியில் ரயில் அருங்காட்சியகம் திறந்தவெளி, அங்கே வெயில் நாளில் போக வேண்டும். குட்டி ரயிலில் ஒரு சுற்று ஏற்றிக் காட்டுவார்கள்.

மலை மந்திருக்கு மாமியார் கட்டாயம் கேட்பார். சுவாமிமலை முருகன் இங்கே ஆர்.கே.புரத்துக் குன்றின் மேல். காலை ஆறு மணிக்குப் போகிற பக்தி எல்லாம் மன்னார்குடியோடு இருக்கட்டும். கல் தரையில் கால் வைத்தால் உச்சந்தலை வரைக்கும் ஏறும். பதினொன்றுக்கு, கனமான காலுறையோடு. முருகன் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மயூர்விஹார்வாசி | ஞாயிறு, இரவு 9.40

போய்விட்டு வந்தோம். விவரமாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் பழசு சார் விடமாட்டார்.

தலைக்குளியல் நேற்றே முடிந்தது. மாவு ஓவன் விளக்கில் ராத்திரி பொங்கிவிட்டது. மாமியார் காலை ஐந்தரைக்கு எழுந்து மூடியைத் திறந்து பார்த்து, என்னைத் தட்டி எழுப்பிக் காட்டினார். பதினொன்றேகாலுக்கு இட்லி, மிளகாய்ப்பொடி, புளியோதரை, பாய், இரண்டு ஃபிளாஸ்க் காபியோடு கிளம்பினோம். 'சமீர்' லோதி ரோட்டுக்கு 268 என்றது, பட்பர்கஞ்ச் 340. மாமியாருக்கு இரண்டு ஸ்வெட்டர், சால்வை, என் கணவருடைய பழைய குரங்குக் குல்லா. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "திருடன் மாதிரி இருக்கேன்" என்றார்.

வாசலில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுடுகிறவர் நின்றார். உரித்து, துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, கறுப்பு உப்பு மசாலா தூவிக் கொடுத்தார். மாமியாருக்கு அதிர்ச்சி. "கிழங்குக்கு எதுக்குடி எலுமிச்சம்பழம்? வெல்லம் வைக்கக் கூடாதா?" என்று அவரிடமே தமிழில் கேட்டார். அவர் இன்னும் கொஞ்சம் மசாலா தூவினார். முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, "சரியில்லை" என்று தீர்ப்பு.

பன்னிரண்டரை வரைக்கும் வெயில் இல்லை. பாயில் நால்வரும் குறுகி உட்கார்ந்திருந்தோம். எனக்குத் திக்திக். பிறகு திடீரென்று மண்டபத்துக் கல்லில் மஞ்சள் விழுந்தது. அடுத்த பத்து நிமிஷத்தில் சுற்றி இருந்த எல்லாரும் கோட்டைக் கழற்றினார்கள். மாமியார் குல்லாவைக் கழற்றி, தேங்காய் எண்ணெய் டப்பாவை எடுத்து வெயிலில் வைத்தார். எனக்குத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்! உருகினதும் பையனுக்கு அங்கேயே தலையில் வைத்துத் தேய்த்தார். பக்கத்துப் பாய்க்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பையன் வாத்துக்களை விட்டு நகரவில்லை. நினைவுச்சின்னம் எதையும் அவன் சட்டை செய்யவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் கணவர் இரண்டு இட்லி சாப்பிட்டார், செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு பாயில் சாய்ந்தார், தூங்கிவிட்டார். இரண்டு மணி நேரம். குறட்டை வேறு. எனக்கு உண்மையில் கோபம்தான் வந்தது. கிடைத்தது ஒரு நாள், அம்மா பதினைந்து நாளாகக் காத்திருக்கிறார், இவர் தூங்குகிறாரே என்று. எழுப்பப் போனேன். மாமியார் என் கையைப் பிடித்துவிட்டார். பையன் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது அவனையும் உதட்டில் விரல் வைத்து அடக்கினார். வெயில் நகர நகர, தன் சால்வையை மாற்றி மாற்றிப் பிடித்து அவர் கண்ணில் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொண்டார். "வந்ததிலிருந்து இவனை வெளிச்சத்தில் இன்னிக்குத்தான் பார்க்கிறேன். காதோரம் நரைச்சிருக்கே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டு டியூப்லைட்டில் தெரிவதில்லை.

மூன்றே முக்காலுக்குப் பாயைச் சுருட்டினோம். வீட்டுக்கு வந்ததும் அவர் மடிக்கணினியைத் திறந்தார். விடுப்பு விண்ணப்பம் போடுகிறார் என்று நினைத்தேன், நாளைக்குரிய பிரசென்டேஷன். இருந்தாலும் குருகிராம் சார் எழுதியதை அவர் ஃபோனுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். இரண்டு நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை.

கரோல்பாக்_கைமணம் | ஞாயிறு, இரவு 10.05

எண்ணெய் டப்பா! அந்த அம்மாளை ஒரு நாள் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். பட்டாணி நான் வாங்கி வைக்கிறேன்.

குருகிராம்_அப்பா | ஞாயிறு, இரவு 10.30

நீல டிக் நல்ல அறிகுறி. எனக்கு என் மனைவி அனுப்பியபோது நான் திறக்கவே இல்லை. புதன்கிழமை வரைக்கும் பொறுங்கள், திங்கள்கிழமை எந்த மேலாளரிடமும் விடுப்பு கேட்கக் கூடாது.

மயூர்விஹார்வாசி | புதன், இரவு 10.20

கிடைத்துவிட்டது. அடுத்த வியாழன் அரைநாள். ரயில் அருங்காட்சியகம். பழசு சார், அந்தக் குட்டி ரயிலில் பெரியவர்களை ஏற்றுவார்களா? பையனுக்காகக் கேட்கவில்லை.

ஆர்கேபுரம்_பழசு | வியாழன், காலை 6.15

ஏற்றுவார்கள். நான் போன வருஷம் பேரனைச் சாக்காக வைத்து இரண்டு தடவை ஏறினேன். திங்கள்கிழமைதான் மூடியிருக்கும், வியாழன் கவலையில்லை. உட்காரும் இடம் குறுகல், முழங்கால் இடிக்கும். மாமியாரை வெயில் விழுகிற பக்கமாக உட்காரச் சொல்லுங்கள்.